தங்கைக்கு எதிர்ப்பு சக்தி குறையவில்லை, தம்பி

காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தங்கைக்கு 29 வயது. இரண்டாவது பிள்ளை பிறந்த ஐந்தாறு மாதத்தில் ஆரம்பித்ததாம். காலையில் எழுந்தால் இரண்டு கை விரல்களும் மடங்குவதில்லை. களி கிண்டத் துடுப்பைப் பிடிக்க முடியவில்லை. ஒன்பது மணிக்கு மேல்தான் கை கொஞ்சம் இளகுகிறது. தர்மபுரியில் பார்த்த மருத்துவர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்ங்கிற மூட்டு நோய், உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்குது" என்று சொல்லி, வாரத்தில் ஒரே ஒரு நாள் போடும் மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் பாட்டி, "பிள்ளை பெத்த உடம்பு, சக்தி போயிடுச்சு" என்று சீந்தில் கஷாயம் வைத்துக் கொடுக்கிறாராம். உடம்பு தன்னையே எப்படித் தாக்கும், ஏன் இவளுக்கு வந்தது, எதிர்ப்பு சக்தியை ஏற்றினால் சரியாகுமா, ஆராய்ச்சியில் நிரந்தரமாகக் குணமாக்க ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்கிறார்.

நான் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரி. பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் பதினாறு வருடமாக டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளை அணுக்களோடுதான் வேலை. மருத்துவர் இல்லை. ஆகவே மாத்திரை அளவைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த நோய் எங்கள் அம்மாவுக்கும் இருந்தது. உங்கள் கேள்வியைப் படித்ததும் அந்தத் துடுப்புதான் என் கண்ணில் நின்றது.

பாட்டி சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. "எதிர்ப்பு சக்தி" என்ற சொல்லைக் கேட்டதும் அது ஒரு பானையில் இருக்கும் தண்ணீர் போல, குறைந்தால் நோய், நிறைந்தால் நலம் என்று நினைத்துவிடுகிறோம். கொரோனா காலத்தில் கடைக்குக் கடை விற்ற பொடிகள் இந்த நினைப்பை இன்னும் ஆழமாக நட்டுவிட்டன. உண்மையில் நம் நோயெதிர்ப்பு மண்டலத்தின் பாதி வேலை தாக்குவது, மறு பாதி வேலை தாக்காமல் இருப்பது. உங்கள் தங்கைக்கு முதல் பாதி நன்றாகவே நடக்கிறது. இரண்டாவது பாதியில்தான் பிசகு.

எங்கள் பக்கம் கேழ்வரகு முற்றும் காலத்தில் யானை இறங்கும். ராத்திரி முழுக்கப் பரண் மேல் உட்கார்ந்து காவல் காப்பார்கள். டார்ச், வெடி, தகரம் எல்லாம் கையில் இருக்கும். அதில் கடினமான வேலை யானையை விரட்டுவது இல்லை. இருட்டில் ஒரு நிழல் அசைந்தால், அது காட்டிலிருந்து வந்ததா, கயிறு அறுத்துக்கொண்டு வந்த நம் மாடா என்று ஒரு நொடியில் முடிவு செய்வதுதான். அவசரப்பட்டு வெடியை எறிந்தால் நம் மாட்டின் முகம்தான் போகும். அதனால் சின்னப் பையன்களை முதல் வருடம் தனியாகப் பரணில் ஏற்ற மாட்டார்கள். அப்பாவோடு, சித்தப்பாவோடு உட்கார்ந்து நிழலைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

உடம்பில் அந்தப் பயிற்சி நடக்கும் இடம் தைமஸ் சுரப்பி. மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே இருக்கிறது. சின்ன வயதில் பெரிதாக இருந்து, பருவம் வந்த பிறகு சுருங்கிக்கொண்டே போகும். எதற்கும் ஆகாத மிச்ச உறுப்பு என்றுதான் வெகு காலம் நினைத்திருந்தார்கள். 1961-இல் ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர் பிறந்த எலிக்குட்டிகளிடமிருந்து அதை எடுத்துப் பார்த்தபோதுதான், அது இல்லாமல் நோயெதிர்ப்பே முறையாக அமைவதில்லை என்று தெரிந்தது. எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் இளம் செல்கள் இங்கேதான் டி செல்களாகின்றன. எதையுமே அடையாளம் காணத் தெரியாத செல்லுக்கு இங்கே வாழ்வில்லை. சொந்த உடம்பின் புரதத்தைப் பார்த்ததும் பாய்கிற செல்லுக்கும் இல்லை. உள்ளே வரும் இளம் செல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இந்தத் தேர்வில் அழிந்துபோகின்றன. எனக்கு இன்றும் வியப்பான கணக்கு இது. உடம்பு இவ்வளவு செலவு செய்வது வலுவான காவலாளியைத் தேட மட்டும் இல்லை, தவறான காவலாளியை வெளியே விடாமல் இருக்கவும்தான்.

இதில் ஒரு நியாயமான சந்தேகம் வரும். கணையத்தின் இன்சுலினும் கழுத்தின் தைராய்டு புரதமும் அங்கங்கேதானே இருக்கின்றன, மார்புக்குள் இருக்கும் தைமஸில் அவற்றை எப்படிக் காட்டிப் பழக்குவது? 1997-இல் கண்டறிந்த ஏர் என்ற ஜீன் இதற்கு விடை தந்தது. தைமஸில் உள்ள சில செல்கள் அந்த ஜீனின் உதவியால் உடம்பின் பல உறுப்புகளுக்கே உரிய புரதங்களைக் கொஞ்சம் கொஞ்சம் தாங்களே செய்து காட்டுகின்றன. ஊர் மாடு அத்தனையையும் ஒரே பட்டியில் கட்டிக் காவல்காரப் பையனுக்குக் காட்டுவது போல. அந்த ஜீன் பழுதாகப் பிறந்த குழந்தைகளுக்குப் பல உறுப்புகளில் ஒரே சமயத்தில் தன்னுடல் தாக்கு நோய் வருகிறது.

உடம்பு தன்னையே தாக்குமா என்று நீங்கள் கேட்டதைப் பெரிய பெரிய அறிஞர்களும் கேட்டிருக்கிறார்கள். 1900-ஐ ஒட்டி ஜெர்மனியில் பால் எர்லிக் ஆடுகளுக்கு மற்ற ஆடுகளின் ரத்தத்தை ஊசியில் செலுத்திப் பார்த்தார். பிற ஆட்டின் ரத்த அணுவுக்கு எதிராக ஆன்டிபாடி, அதாவது அந்நியப் பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதம், வந்தது, தன் ரத்த அணுவுக்கு எதிராக வரவில்லை. உடம்புக்குத் தன்னைத் தானே நஞ்சூட்டிக்கொள்வதில் ஓர் அச்சம் உண்டு என்ற கருத்தில் அதற்கு ஒரு லத்தீன் பெயரும் வைத்தார். 1904-லேயே டோனாத், லாண்ட்ஸ்டைனர் என்ற இருவர், குளிர் பட்டால் சிறுநீர் சிவந்து போகும் ஓர் அபூர்வ நோயில் நோயாளியின் சொந்த ஆன்டிபாடியே அவர் ரத்த அணுவை உடைப்பதைக் காட்டிவிட்டார்கள். ஆனாலும் எர்லிக் சொன்னதன் கனம் அரை நூற்றாண்டு எல்லோரையும் அழுத்தியது. அமெரிக்காவில் நோயல் ரோஸ் என்ற இளைஞர் முயலின் தைராய்டில் ஒரு பாதியை வெட்டி எடுத்து, அதன் சாற்றை அதே முயலுக்கு ஊசி போட்டார். மீதிப் பாதி தைராய்டு வீங்கி அழிந்தது. அவருடைய குருநாதர் விட்டெப்ஸ்கி, எர்லிக்கின் வழியில் வந்தவர். அவராலேயே முதலில் நம்ப முடியவில்லை. திரும்பத் திரும்பச் செய்து பார்த்த பிறகுதான் 1956-இல் வெளியிட்டார்கள். அதே வருடம் லண்டனில் ஹாஷிமோட்டோ தைராய்டு நோயாளிகளின் ரத்தத்திலும் அப்படிப்பட்ட ஆன்டிபாடி கிடைத்தது. இன்று நம் ஊர்ப் பெண்களில் எத்தனையோ பேர் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுகிறார்கள். அவர்களில் பலருக்கு இருப்பது அந்த நோய்தான்.

இனி வருவதுதான் என் மனசுக்கு நெருக்கமான பகுதி. பாட்டி சொன்னதற்கு நேரான பதிலும் இதில்தான் இருக்கிறது.

1969-இல் ஜப்பானில் இரண்டு ஆய்வாளர்கள் எலிக்குட்டி பிறந்த மூன்றாம் நாளில் தைமஸை எடுத்தார்கள். டி செல் பிறக்கும் இடத்தை எடுத்துவிட்டால் எதிர்ப்பு சக்தி குறைய வேண்டும், இல்லையா? பாட்டியின் பானைக் கணக்குப்படி தாக்குதலும் குறைய வேண்டும். நடந்தது நேர்மாறு. அந்த எலிகளின் சினைப்பை சிதைந்தது. பிற்பாடு அதே மாதிரி எலிகளில் தைராய்டும் வயிறும் தாக்கப்பட்டதைக் கண்டார்கள். டி செல் குறைந்த எலிக்குத் தன்னுடல் தாக்குதல் கூடியது. ஷிமோன் சகாகுச்சி என்ற இளம் மருத்துவர் இந்த முரணைப் பிடித்துக்கொண்டார். நல்ல எலியின் டி செல்களை எடுத்து அந்த எலிகளுக்குச் செலுத்தினார். நோய் வராமல் நின்றது. அப்படியானால் டி செல்களுக்குள் தாக்குகிறவை மட்டுமில்லை, தாக்குகிறவற்றைத் தடுத்து நிறுத்துகிற ஒரு கூட்டமும் இருக்க வேண்டும். பரணில் பையன் வெடியைப் பற்றவைக்கப் போகும்போது "இருடா, அது நம்ம செவலை" என்று கையைப் பிடிக்கிற பெரியவரைப் போல.

அந்தக் காலத்தில் அடக்கும் டி செல் என்ற பேச்சே ஆய்வுலகில் மதிப்பிழந்து கிடந்தது. முன்பு சிலர் அவசரப்பட்டுச் சொன்னவை நிற்காமல் போனதால், அந்தத் துறையில் வேலை செய்கிறேன் என்று சொல்லவே பலர் தயங்கினார்கள். சகாகுச்சி விடவில்லை. பத்து வருடத்துக்கு மேல் தேடி, 1995-இல் அந்தச் செல்களின் மேல் இருக்கும் அடையாளத்தை வெளியிட்டார். இப்போது அவற்றைக் கட்டுப்படுத்தும் டி செல்கள் என்கிறோம். மற்ற நோயெதிர்ப்புச் செல்களை ஏவிவிடும் உதவி டி செல்களில் ஏறக்குறைய ஐந்து முதல் பத்து சதவீதம்தான் அவை.

இன்னொரு பக்கம் அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில், கதிரியக்கத்தின் விளைவுகளை ஆராய்ந்த ஒரு கூடத்தில் 1940-களில் தானாகவே ஒரு வகை எலி பிறந்திருந்தது. ஆண் குட்டிகளுக்குத் தோல் செதில் செதிலாக உரியும், மண்ணீரல் வீங்கும், சில வாரத்தில் செத்துப்போகும். ஐம்பது வருடம் கழித்து மேரி பிரங்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும் அந்த எலியின் எக்ஸ் குரோமோசோமில் பழுதான ஜீனைத் தேடிப் பிடித்து, 2001-இல் ஃபாக்ஸ்பி3 என்று பெயரிட்டார்கள். அதே ஜீன் பழுதான மனிதக் குழந்தைகளுக்கும் பிறந்த கொஞ்ச நாளிலேயே சர்க்கரை நோய், வயிற்றுப்போக்கு, தோல் அழற்சி என்று உடம்பு முழுக்கத் தாக்குதல் வருகிறது. சகாகுச்சி கண்டெடுத்த செல்களை உருவாக்கும் ஜீன் இதுதான் என்று 2003-இல் தெளிவாயிற்று. 2025-இல் இந்த மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தச் செய்தியைப் பார்த்த அன்று ஆய்வகத்தில் நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா இருந்திருந்தால், "உன் கையைப் பிடிக்கிற பெரியவருக்குத்தான் பரிசு கொடுத்திருக்காங்கம்மா" என்று சொல்லியிருப்பேன்.

ஆகவே தம்பி, தங்கைக்குத் தேவை கூடுதல் சக்தி இல்லை. சீந்திலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2021-இல் மும்பை மருத்துவர்கள், கொரோனாவுக்குப் பயந்து சீந்தில் குடித்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததையும், அதில் தன்னுடல் தாக்குதலின் சாயல் இருந்ததையும் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. அந்த வழக்கு எப்படியோ போகட்டும். உங்கள் தங்கை போடும் வார மாத்திரையும் கல்லீரலைக் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து. இரண்டையும் சேர்க்கக் கூடாது. கஷாயத்தை நிறுத்திவிடுங்கள், அதுவரை குடித்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பாட்டி மனம் நோகாமல் இருக்க ஒரு நெல்லிக்காய் கொடுக்கச் சொல்லலாம். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர் நம் மண், உணவாக ஒரு நெல்லிக்காய் தின்பதில் எந்தக் கெடுதலும் இல்லை.

அடுத்து, ஏன் இவளுக்கு? தங்கை எதையோ தின்றதால், குளிர்ந்த தண்ணீரில் கை வைத்ததால், பிள்ளை பெற்றபோது பத்தியம் இருக்காததால் என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். ஒரே கருவில் பிறந்த ஒரே அச்சு இரட்டையரில் ஒருவருக்கு இந்த நோய் வந்தால், மற்றவருக்கும் வருவது நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில்தான். ஜீனில் ஒரு சாய்வு இருக்கிறது, அது விதி இல்லை. டி செல்லுக்குப் புரதத் துண்டைக் காட்டும் எச்.எல்.ஏ. என்ற மூலக்கூறில் சில வகைகளைச் சுமப்பவர்களுக்கு வாய்ப்புக் கூடுதல். அதன் மேல் வெளியிலிருந்து ஒரு தூண்டுதல் சேர வேண்டும். புகைக்கும்போது நுரையீரலில் சில புரதங்களின் உருவம் வேதியியலில் சற்றே மாறுகிறது. அப்படி மாறிய புரதத்துக்கு எதிராக வரும் ஆன்டிபாடியைத்தான் ஆன்டி சி.சி.பி. என்ற ரத்தப் பரிசோதனையில் பார்க்கிறார்கள். ஈறு நோய்க் கிருமி ஒன்றும் அதே மாற்றத்தைச் செய்கிறது. இந்த ஆன்டிபாடி, மூட்டு வலிப்பதற்குச் சில வருடங்களுக்கு முன்பே ரத்தத்தில் வந்துவிடுகிறது. அதாவது தங்கைக்கு நோய் பிரசவத்தில் பிறந்திருக்காது, ஏற்கெனவே உள்ளுக்குள் புகைந்திருக்கும்.

பிரசவத்துக்குப் பிறகு வெளிப்பட்டது பொருத்தமாகத்தான் இருக்கிறது. கர்ப்பத்தில் பாதிக் குழந்தை அப்பாவின் ஜீன். அதைத் தாக்காமல் இருக்கத் தாயின் உடம்பு தானாகவே அடக்கத்தைக் கூட்டிக்கொள்கிறது. அந்த மாதங்களில் பல பெண்களுக்கு மூட்டு வலி குறையும், பிள்ளை பிறந்ததும் திரும்பி வரும். 1930-களில் ஃபிலிப் ஹென்ச் என்ற அமெரிக்க மருத்துவர் இதைக் கவனித்து, உடம்பிலேயே இந்த வலியை அடக்கும் ஏதோ ஒன்று சுரக்கிறது என்று தேடத் தொடங்கினார். அந்தத் தேடல் 1948-இல் கார்ட்டிசோனில் போய் நின்றது. 1950-இல் நோபல் பரிசு வந்தது. "இப்ப வலி இல்லைங்க" என்று நோயாளிகள் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டதும் ஸ்டீராய்டு மருந்து வர ஒரு காரணம்.

பெண்களுக்கு ஏன் அதிகம் என்பதற்கும் இப்போது ஒரு பாதை திறந்திருக்கிறது. தோல், மூட்டு, சிறுநீரகம் என்று பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ் என்ற தன்னுடல் தாக்கு நோயில் ஆண் ஒருவருக்குப் பெண் ஒன்பது பேர் என்ற அளவு. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம். அதில் ஒன்றை அணைத்து வைக்க எக்ஸிஸ்ட் என்ற ஆர்.என்.ஏ. வேலை செய்கிறது. அதைச் சுற்றி ஏராளமான புரதங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கூட்டமே ஆன்டிபாடியைத் தூண்டக்கூடும் என்று 2024-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆண் எலிகளுக்குள் எக்ஸிஸ்டை வரவழைத்து, நோயைத் தூண்டும் எண்ணெயையும் செலுத்தியபோது, அவற்றுக்கும் லூபஸ் போன்ற நோய் கடுமையாக வந்தது. ஹார்மோன் மட்டும்தான் காரணம் என்று நாங்கள் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இனி அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

கிருமிகளின் பங்கும் உண்டு. தொண்டைப் புண்ணுக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் ஒரு புரதம் இதயத்தின் புரதத்தை ஒத்திருப்பதால், கிருமிக்கு எதிராக வந்த படை இதய வால்வைக் கெடுப்பதுதான் ருமாட்டிக் காய்ச்சல். நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. 2022-இல் அமெரிக்கப் படைவீரர்கள் ஒரு கோடிப் பேருக்கு மேற்பட்டவர்களின் பதிவுகளையும் சேமித்த ரத்த மாதிரிகளையும் வைத்துச் செய்த ஆய்வில், எப்ஸ்டீன் பார் வைரஸ் தொற்றிய பிறகு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயின் வாய்ப்பு 32 மடங்கு கூடுவது தெரிந்தது. ஆனால் அந்த வைரஸ் உலகில் பெரும்பாலோருக்குத் தொற்றுகிறது, நோய் வருவது மிகச் சிலருக்கே.

நம் மாவட்டங்களில் முக்கியமான ஒரு விஷயத்தை இங்கே சேர்க்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் மூட்டுப் பிடிப்பு என்றால் எல்லாமே ருமட்டாய்டு இல்லை. நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் கேடு என்பது கணக்கு. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-இல் தண்ணீர் விட்டார்கள். பல வருடம் அந்தக் கிணற்று நீர் குடித்தவர்களுக்கு எலும்பு தடித்து, முதுகும் கழுத்தும் விறைத்துப் போகும். அது தன்னுடல் தாக்குதல் இல்லை, எதிர்ப்பை அடக்கும் மருந்து அதற்கு உதவாது. எக்ஸ்ரேயில் வித்தியாசம் தெரியும். சிக்குன்குனியா வந்து போன பிறகும் மாதக்கணக்கில் விரல் வீங்கும், அதுவும் பார்வைக்கு இதே போல இருக்கும். உங்கள் தங்கைக்கு இரண்டு கையிலும் சமமாக, சிறிய விரல் மூட்டுகளில், காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிப்பு, ரத்தத்திலும் அடையாளம் என்றால் மருத்துவர் சொன்னது பொருந்துகிறது. காலையில் ஏன் கூடுதல் என்றால், அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின் 6 என்ற புரதம் விடியற்காலையில்தான் இந்த நோயாளிகளின் ரத்தத்தில் உச்சத்துக்குப் போகிறது. அவள் சோம்பல் படவில்லை என்று மாமியார் வீட்டுக்கும் இதைச் சொல்லுங்கள்.

அந்த வார மாத்திரை மெத்தோட்ரெக்சேட்டாகத்தான் இருக்கும். அதற்குப் பின்னால் நம் பக்கத்து மனிதர் ஒருவர் இருக்கிறார். 1895-இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ். ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைச் செயற்கையாகச் செய்த குழுவை நடத்தியவர். அதே அமிலத்தைப் போல நடித்துச் செல்லை ஏமாற்றும் மூலக்கூறுகளும் அவர் குழுவில்தான் வந்தன. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு முதலில் போன அந்த மருந்து, மிகக் குறைந்த அளவில் மூட்டு அழற்சியை அடக்குவது பிறகு தெரிந்தது. இன்றும் உலகம் முழுக்க இந்த நோய்க்கு முதலில் எடுக்கும் மருந்து அதுதான். புற்றுநோய் மருந்தைக் கொடுக்கிறார்களே என்று மருந்துக் கடையில் யாராவது பயமுறுத்தினால் கலங்க வேண்டாம், அளவு வேறு. ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் என்பது வாரத்துக்கு ஒரே நாள்தான். தவறித் தினமும் போட்டவர்கள் உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போயிருக்கிறார்கள். காலண்டரில் அந்தக் கிழமையை வட்டமிட்டு வையுங்கள். ஃபோலிக் அமில மாத்திரையை எந்த நாளில் சொன்னார்களோ அந்த நாளில் கொடுங்கள். வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், அதற்குள் "கேக்கலை" என்று நிறுத்திவிடக் கூடாது.

எங்கள் அம்மா அங்கேதான் தவறினார். முதல் மாதத்தில் பலன் தெரியவில்லை என்று விட்டுவிட்டு, சந்தையில் ஒருவர் விற்ற வாதப் பொடிக்குப் போனார். ஒரு வாரத்தில் வலி பறந்தது. ஊரே அந்தப் பொடியைப் புகழ்ந்தது. பிறகு முகம் உப்பியது, தோல் மெலிந்து நீலம் பூத்தது, சர்க்கரை ஏறியது. பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. மூன்று வருடம். வலி தெரியாமல் இருந்ததே தவிர, உள்ளே மூட்டு அரித்துக்கொண்டே போயிருக்கிறது. முறையான வைத்தியத்துக்குத் திரும்பியபோது விரல்கள் சுண்டு விரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. பிறகு எந்த மருந்தாலும் அவற்றை நிமிர்த்த முடியவில்லை. நோய் தொடங்கிய முதல் சில மாதங்கள்தான் பொன்னான காலம் என்று மருத்துவர்கள் சொல்வது வெறும் வார்த்தை இல்லை, தம்பி. உங்கள் தங்கை இப்போது அந்தக் காலத்துக்குள் இருக்கிறாள். இப்படி ரகசியப் பொடி ஏதாவது ஏற்கெனவே எடுத்திருந்தால், திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஆராய்ச்சி எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டீர்கள். மெத்தோட்ரெக்சேட் போதாதவர்களுக்கு ஊசி மருந்துகள் இருக்கின்றன. 1992-இல் லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில், லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும், டி.என்.எஃப். என்ற ஒரே ஒரு புரதத்தைத் தடுத்தால் மூட்டு அடங்குமா என்று முதல் முறையாக நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அடங்கியது. ஆனால் அதே டி.என்.எஃப்.தான் நுரையீரலில் ஒடுங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியை வேலி போட்டு வைத்திருக்கிறது. அதைத் தடுத்தால் வேலி உடைகிறது. அதனால்தான் நம் நாட்டில் அந்த ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். தாக்கும் புரதமும் காக்கும் புரதமும் ஒன்றே என்பதுதான் இந்தத் துறையின் எல்லாச் சிக்கலுக்கும் மூலம்.

இன்னும் முன்னால் போயிருக்கிறார்கள். ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்தில் கியோர்க் ஷெட் குழு, 2021-இல் எந்த மருந்துக்கும் அடங்காத லூபஸ் உள்ள 20 வயதுப் பெண்ணுக்கு கார் டி செல் சிகிச்சை கொடுத்தது. அவளுடைய டி செல்களையே எடுத்து, பி செல்களை அழிக்கும்படி மாற்றித் திருப்பிச் செலுத்தினார்கள். ஆன்டிபாடி செய்யும் அந்த பி செல்கள் துடைத்தெடுக்கப்பட்டு, சில மாதம் கழித்துப் புதிதாக வளர்ந்தபோது அவை பழைய தவறை மறந்திருந்தன. 2024-இல் 15 நோயாளிகளின் விவரம் வெளியாயிற்று. லூபஸ் இருந்த எட்டுப் பேரும் வேறு மருந்தில்லாமல் நோய் அடங்கி இருந்தார்கள். இந்தியாவிலும் கார் டி சிகிச்சை 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது, ஆனால் ரத்தப் புற்றுநோய்க்கு. மூட்டு நோய்க்கு இன்று கேட்டுப் போக வேண்டிய சிகிச்சை அது இல்லை. விலையும் பக்க விளைவும் பெரியவை, ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது. ஆன்டிபாடி வந்து, மூட்டு இன்னும் வீங்காதவர்களுக்கு முன்கூட்டியே அபட்டாசெப்ட் என்ற மருந்து கொடுத்து நோயைத் தள்ளிப்போட முடிகிறது என்றும் 2024-இல் இரண்டு ஆய்வுகள் காட்டின. கட்டுப்படுத்தும் டி செல்களையே வளர்த்துத் திருப்பிக் கொடுக்கும் முயற்சியும் மனிதர்களிடம் சோதனையில் இருக்கிறது. நிரந்தரக் குணம் என்று இன்று யாராவது உங்களிடம் விற்றால் வாங்காதீர்கள். நோய் அடங்கி, விரல் கெடாமல், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, வேலை செய்துகொண்டு பல வருடம் இருக்கலாம் என்பது மட்டும் இன்றே நடக்கிற காரியம்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, காலையில் கை இளக எத்தனை நிமிடம் ஆகிறது என்று இரண்டு வாரம் எழுதி எடுத்துப் போகச் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா, குடிப்பது ஒகேனக்கல் தண்ணீரா கிணற்றுத் தண்ணீரா, சிக்குன்குனியா வந்ததா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும் என்று கேட்டு, அந்தத் தேதியைத் தவற விடாதீர்கள். வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் அவள் பக்கத்தில் வேண்டாம். இன்னொன்று மிக முக்கியம். மெத்தோட்ரெக்சேட் கருவைக் கெடுக்கும். கைக்குழந்தை வேறு இருக்கிறது. பால் கொடுக்கிறாளா, அடுத்த பிள்ளைக்கு எண்ணம் உண்டா, கருத்தடைக்கு என்ன செய்கிறார்கள் என்பதெல்லாம் மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும். தேவையென்றால் மருந்தையே மாற்றிக் கொடுப்பார்கள். அந்தப் பேச்சு வரும்போது மட்டும் நீங்கள் கொஞ்சம் வெளியே நில்லுங்கள், தம்பி. அண்ணன் முன்னால் சொல்ல அவள் கூச்சப்படுவாள்.